பரண்மேல் வெள்ளி

சென்ற மாதம் கூடிய நம் சங்கச் செயற்குழுவில் சமூக சேவைப் பிரிவுச் செயலாளர் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். தில்லியிலுள்ள தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் பரண்மேலும் பீரோவின் தலையிலும் தூங்குகின்ற பழைய எக்ஸ்ரே படங்களை நம் மாணவர்கள் வீடுவீடாகச் சென்று திரட்டுவது. திரட்டியதைக் கபாடிக்காரரிடம் எடைக்குப் போடுவது. வரும் பணத்தைப் பொங்கல் விழாச் செலவுக்கு வைத்துக்கொள்வது. யோசனை கைதட்டலோடு நிறைவேறியது. கைதட்டாதவன் நான் ஒருவன்தான். காரணம் கேட்டார்கள், அங்கே எனக்கு நா எழவில்லை. நாலு பேர் முன்னால் பேசத் தடுமாறுகிறவனுக்கு எழுதுகோல்தான் துணை. இதழாசிரியரும் இடம் தருவதாகச் சொன்னார். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. செயலாளர் மேல் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. என் அறைக்கு அடுத்த அறைக்காரர். ஊரிலிருந்து இட்லிப் பொடி வந்தால் என்னை விட்டுவிட்டு உண்ணாதவர். அவர் நோக்கமும் நல்ல நோக்கமே. பயனற்றுக் கிடக்கும் பொருள் பயன்படட்டும் என்கிறார். அதில் யாருக்கு மறுப்பு இருக்க முடியும்? என் மறுப்பு வேறு.

என் சித்தப்பா ஓய்வு பெற்று இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது சாமான் கட்ட உதவிக்குப் போயிருந்தேன். பரணில் ஏறிப் பழைய பாத்திரம், பழைய பத்திரிகை எல்லாம் இறக்கும்போது மஞ்சள் உறைகள் ஒரு கட்டாக வந்தன. என் தந்தையின் படங்கள். ஊரில் பார்த்த வைத்தியம் பலிக்காமல், தம்பி வீட்டில் தங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று புதுக்கோட்டையிலிருந்து அவர் வந்தது, ஐந்து மாதம் அந்த வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தது, திரும்பிப் போகும்போது நாங்கள் அவரோடு போனதே தவிர அவர் எங்களோடு வராதது எல்லாம் அந்தக் கட்டுக்குள் இருந்தன. பதினோரு படங்கள்.

சித்தி எட்டிப் பார்த்தார். “அதெல்லாம் எதுக்குப்பா? பார்த்தா மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. அந்த ஆளுகிட்டேயே குடுத்துடு” என்றார். அந்த ஆள் வாசலில் தராசோடு நின்றார். பழைய பத்திரிகைகளை நிறுக்கும்போது தூங்கி வழிந்த முகம், மஞ்சள் உறைகளைக் கண்டதும் விழித்துக்கொண்டது. காகிதத்துக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு விலை சொன்னார். என் பதிலுக்குக் காத்திராமல், பனங்கிழங்கின் தோலை உரிப்பதுபோல உறைகளிலிருந்து படங்களை உருவி ஒரு சாக்கிலும், உறைகளையும் அவற்றோடிருந்த மருத்துவர் அறிக்கைகளையும் காகிதச் சாக்கிலும் போடத் தொடங்கினார்.

“இதற்கு ஏன் இவ்வளவு கிராக்கி?” என்றேன்.

“சாந்தி ஹை, பாபுஜி! சாந்தி!”

என் தந்தையின் நெஞ்சுப் படத்தில் இவர் என்ன சாந்தியைக் கண்டார் என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். தில்லிக்கு வந்து இத்தனை நாளாகியும் என் இந்தி அந்த இலட்சணத்தில் இருக்கிறது. சாந்தி என்று என் காதில் விழுந்த சொல்லுக்கு அவர் மொழியில் வெள்ளி என்று பொருள்.

படங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சாக்கினுள் கையை விட்டேன். அதில் எங்கள் வீட்டுப் படங்கள் மட்டுமில்லை. காகிதச் சாக்கிலும் அப்படியே. மேலாகக் கிடந்த அறிக்கை ஒன்றில் ஒரு பெயர் இருந்தது. அடுத்த வரிசைக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும், நமக்கெல்லாம் தெரிந்த ஒரு குடும்பத்துப் பெண். கலியாணம் நிச்சயமாகியிருந்த சமயம். பெயரைச் சொல்லமாட்டேன், அதன் கீழே எழுதியிருந்ததையும் சொல்லமாட்டேன். ஆனால் நான் படித்துவிட்டேன். படித்துவிட்டதை எப்படிப் படிக்காததாக ஆக்குவது?

அந்த உறையையும் படத்தையும் கபாடிக்காரர் கேட்ட விலைக்கே வாங்கினேன். அதைக் கொண்டுபோய் அந்த வீட்டில் கொடுக்கலாம் என்று முதலில் தோன்றியது. கொடுத்தால், நான் பார்த்தேன் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் அவர்கள் என்னைக் காணும்போதெல்லாம் என் முகத்தில் அந்த அறிக்கையைத்தான் காண்பார்கள். அன்றிரவு விடுதியில் கதவைத் தாழிட்டுக்கொண்டு காகிதத்தைக் கிழித்தேன். படம் கிழியவில்லை. பாலியெஸ்டர் கைக்குக் கிழியாது. கத்தரிக்கோலால் விரலகல நாடாக்களாக வெட்டி முடிக்க அரை மணியாயிற்று. திருடன் வேலை செய்வதுபோல இருந்தது. இந்த விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் உண்டானது அந்த அரை மணியில்தான்.

நிற்க. வெள்ளி எங்கிருந்து வந்தது? நம்மில் இரசாயனம் படிக்கிறவர்களுக்கு இது பாலபாடம், மற்றவர்கள் பொறுத்தருள்க. படத்தின் உடல் நீலச் சாயல் கொண்ட பாலியெஸ்டர் தகடு. அதன்மேல் ஜெலட்டின் என்னும் பசைப் பூச்சு. அந்தப் பசைக்குள் வெள்ளி புரோமைடின் நுண்மணிகள் விரவியிருக்கும். ஒளியோ ஊடுகதிரோ பட்ட மணிகள், கழுவும்போது கரிய வெள்ளித் துகள்களாக மாறிப் படிகின்றன. படாதவற்றை ஹைப்போக் கரைசல் கரைத்துக்கொண்டு போய்விடும். எலும்பு கதிரைத் தடுப்பதால் அவ்விடம் வெளிறி நிற்கும். காற்று நிறைந்த நுரையீரல் தடுக்காததால் கறுக்கும். நாம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற கறுப்பெல்லாம் வெள்ளியே. வெள்ளி கறுப்பாக இருக்குமா என்று கேட்காதீர்கள். துகள் அத்தனை பொடி.

இப்படிப்பட்ட பழைய படத்தில் எடைக்கு நூற்றில் ஒன்றரை முதல் இரண்டு பங்கு வெள்ளி உண்டென்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல குறிக்கின்றன. அதற்கு மிகவும் குறைந்தவையும் உண்டு. இன்று பெரும்பாலும் அச்சிடப்படும் உலர்வகைப் படங்களில் வெள்ளி வேறொரு சேர்மமாக இருக்கிறது. பழைய முறையில் அதை எளிதில் எடுக்க முடியாது. நூற்றுக்கு ஒன்று என்றே கணக்கு வைப்போம். பெரிய நெஞ்சுப் படம் ஒன்று ஏறத்தாழ 40 கிராம். ஒரு கிலோ வெள்ளிக்கு 100 கிலோ படம் வேண்டும். அதாவது 2,500 படங்கள். நம் செயலாளர் கனவு காணும் பொங்கல் விழாவுக்கு எத்தனை பேருடைய நெஞ்சும் இடுப்பும் முதுகெலும்பும் மூட்டை கட்டப்பட வேண்டும் என்பதை அன்பர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்த 2,500 படங்களிலும் பெயர் உண்டு, வயது உண்டு, தேதி உண்டு, ஆஸ்பத்திரியின் பெயர் உண்டு. மூலையை நறுக்கிவிட்டால் போதுமே என்று செயற்குழுவில் ஒரு நண்பர் சொன்னார். சாதாரண நெஞ்சுப் படத்துக்கு அது சரி. சி.டி. படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். ஒரே தகட்டில் இருபது கட்டங்கள் இருக்கும். பல படங்களில் ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் அதே பெயர். எந்த மூலையை நறுக்குவார்?

என் உண்மையான மறுப்புக்கு இப்போது வருகிறேன். கபாடிக்காரரால் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அந்தத் தமிழ்ப் பெயர்கள் வெறும் கோடுகள். சாக்கிலுள்ளது யார், அவர் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமுமில்லை. ஆனால் தமிழர் வீட்டுப் படங்களைத் தமிழ் மாணவர்கள் திரட்டினால்? கரோல்பாக்கில் ஒருவர் தும்மினால் மயூர் விகாரில் நலம் விசாரிக்கிற சமூகம் நம்முடையது. உறையைப் பார்த்த மாத்திரத்தில், ‘அடடே, இவர் நம் வாத்தியாருடைய மாமனார் அல்லவா!’ என்போம். உள்ளே இருப்பதை எட்டிப் பார்ப்போம். கெட்ட எண்ணத்தினால் அல்ல, அக்கறையினாலேயே பார்ப்போம். அக்கறையினாலேயே இன்னொருவரிடம் சொல்வோம். கபாடிக்காரரைவிட நாம் பொல்லாதவர்களாவது இந்த இடத்தில்தான். காசநோய் என்ற ஒரு சொல் ஒரு பெண்ணின் வாழ்வை என்ன செய்யும் என்பதை ஊரிலிருந்து வந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோய் ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும், சொல் குணமாவதில்லை.

சட்டம் காக்காதா என்று கேட்கலாம். ஓரளவு தேடிப் படித்தேன். அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தார்கள். தனிநபர் தரவைக் காக்க 2023-ல் ஒரு சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது கணினி வடிவிலிருக்கும் தரவைப் பற்றி. காகிதத்தில் இருந்தது பின்னால் கணினியில் ஏறினால் அதையும் சேர்த்துக்கொள்ளும். கணினியிலிருந்து இறங்கிப் படமாகிப் பரணேறிவிட்ட என் தந்தையின் நெஞ்சு அதன் வேலிக்கு வெளியே நிற்கிறது. மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள், உள்நோயாளியின் பதிவுகளை மூன்றாண்டு வைத்திருக்கவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் மருத்துவரைக் கட்டுப்படுத்துகின்றன. நம் நாட்டிலோ படத்தை நோயாளியின் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கைக்கு வந்தபின் காவலும் நம்முடையதே.

படத்தைக் கழுவிய நீரைப் பற்றி 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் பெயர் சொல்லிப் பேசுகின்றன. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதிலுள்ள பொருளை மீட்டபின் சுத்திகரித்தே மற்றச் சாக்கடையில் விட வேண்டும். ஹைப்போ கரைத்துக்கொண்டு போன வெள்ளி அந்த நீரில் இருக்கிறதல்லவா? மின்சாரம் பாய்ச்சினால் தகட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். எஃகு நாரில் ஊற்றினால் இரும்பு கரைந்து வெள்ளி படியும். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு இது கைவந்த கலை. தெருமுனை எக்ஸ்ரே நிலையங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாக்கில் போன படத்தின் கதி என்ன? சுடச்சுடக் காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்குவார்கள். ஜெலட்டின் கரைந்து, வெள்ளி கறுஞ்சேறாக அடியில் தங்கும். உலர்த்தி, வெண்காரம் கூட்டி உருக்கினால் கட்டி வெள்ளி. இதற்குச் சுமார் 962 பாகை வெப்பம் வேண்டும். சிலர் நைட்ரிக் அமிலத்தில் போடுவார்கள்; கிளம்பும் செம்பழுப்புப் புகையைச் சுவாசிக்கிறவன் நுரையீரலுக்குப் பின்னொரு நாள் எக்ஸ்ரே எடுக்க வேண்டிவரும். இன்னும் சிலர் கொளுத்தியே விடுவார்கள். சாம்பலில் வெள்ளி மிஞ்சும், நல்ல பாலியெஸ்டர் புகையாகப் போகும். இவற்றையெல்லாம் முறையாகச் செய்கிற உரிமம் பெற்ற தொழிற்சாலைகளும் இருக்கின்றன. கொட்டகைக்குப் பின்புறம் ஓடும் சாக்கடையை நம்பிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கரைந்த வெள்ளி, நீரில் வாழும் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. ஜெலட்டினை மட்டும் தின்றுவிட்டு வெள்ளியையும் தகட்டையும் விட்டுவிடுகிற நொதிகளைப் பாக்டீரியாவிலிருந்து எடுத்து நம் நாட்டு ஆய்வுக்கூடங்களிலேயே சோதித்திருக்கிறார்கள். வெந்நீர் அளவு சூடு போதும். காரமும் அமிலமும் வேண்டாம். நம் உயிர்வேதியியல் நண்பர்கள் யாராவது இதைப்பற்றி அடுத்த இதழில் எழுதினால் நான் ஆவலோடு படிப்பேன்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். படத்திலுள்ள உருவமும் வெள்ளிதான். பெயரின் எழுத்தும் வெள்ளிதான். வெள்ளி கழன்றால் நோயும் பெயரும் சேர்ந்தே கழன்றுவிடும். மிஞ்சுவது தெளிந்த தகடு. எந்தக் கத்தரிக்கோலும் செய்யாத காரியத்தை அந்தக் கரைசல் செய்துவிடுகிறது. ஆக, இரகசியம் காப்பதற்கும் வெள்ளி மீட்பதற்கும் பகையில்லை. ஆபத்தெல்லாம் பரணிலிருந்து கரைசல் தொட்டி வரையுள்ள வழியில். என் சண்டையும் அந்த வழியைப் பற்றியதே.

பழைய சாமான் போகும் வழியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே தில்லியில் சாட்சி உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த காமாக் கதிர்க் கருவி ஒன்று 2010-ல் பழைய சாமானாக ஏலம் போயிற்று. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரிக் கடைகளில் அதைப் பிரித்தார்கள். ஏப்ரல் மாதத்தில் பலர் நோயுற்றார்கள், ஒருவர் மாண்டார். இதைக் கேட்டுவிட்டு எக்ஸ்ரே படத்திலும் கதிர் தங்கியிருக்குமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். ஒளிப்படத்தில் வெயில் தங்குவதில்லை. இதிலும் கதிர் தங்குவதில்லை. விற்றவர்கள் படித்தவர்கள் என்பதற்காகவே அதை இங்கே நினைவூட்டினேன்.

பழைய படங்களுக்கு வேறு உபயோகங்களும் உண்டு. சோவியத் நாட்டில் அரசு தடுத்த இசைத்தட்டுகளை லெனின்கிராடு இளைஞர்கள் 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஆஸ்பத்திரி எறிந்த எக்ஸ்ரே படங்களில் திருட்டுத்தனமாகப் பதித்து விற்றார்கள். விலாவெலும்பின்மேல் ஜாஸ் பாடியது. நம் ஊரில் கிரகணம் பார்க்கிறோம். 2019 டிசம்பர் 26-ல் புதுக்கோட்டையில் கங்கணக் கிரகணம் தெரிந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் கையில் இந்தப் படம்தான் இருந்தது. அது தவறு. ஓரிடம் கறுத்தும் ஓரிடம் வெளுத்தும் இருக்கிற படம் கண்ணைக் காக்காது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். முதலில், எல்லாவற்றையும் எறிய வேண்டாம். நெஞ்சுப் படத்தில் ஒரு புள்ளி தெரிகிறது என்றால் மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி, ‘பழைய படம் இருக்கிறதா?’ என்பதே. இரண்டாண்டுக்கு முந்தைய படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. அது ஒரு ஊசிச் சோதனையையே மிச்சப்படுத்தலாம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை வீட்டுக்காரர் தம் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வாசலில் நின்று அவசரப்படுத்துகிற மாணவன் அல்ல.

விடுவதென்று முடிவான படங்களை வீட்டுக்காரரே உறையிலிட்டு ஒட்டட்டும். அறிக்கைக் காகிதங்களை அவரே கிழிக்கட்டும். நாம் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொள்வோம். பெயரை எழுத வேண்டாம். திரட்டியதைக் கபாடிக்காரரிடம் அல்ல, மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் அனுமதி பெற்ற மீட்பு நிலையத்துக்கு நேரே கொண்டுபோய், நம் கண்முன்னே தொட்டியில் இறங்குவதைப் பார்த்து, இத்தனை படங்கள் அழிக்கப்பட்டன என்று எழுத்தில் வாங்கி வருவோம். இப்படிச் செய்தால் வண்டிச் சத்தம் போகப் பொங்கலுக்குச் சர்க்கரை வாங்கத்தான் மிஞ்சும் என்பார் செயலாளர். மிஞ்சட்டும். அல்லது இந்தப் பொறுப்பு நமக்கு மீறியது என்றால் திட்டத்தையே விட்டுவிடுவோம். படம் எடுத்த ஆஸ்பத்திரியே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பத்துப் பேர் கையெழுத்திட்டு எழுதுவது அதைவிட நல்ல சேவை. வெள்ளியின் விலை அவர்களுக்கும் தெரியும். வண்டிக்கூலி அவர்களுக்குப் பெரிதல்ல.

விழாவுக்குப் பணம் வேண்டுமென்றால் வழக்கம்போல் நன்கொடைப் புத்தகத்தோடு போவோம். தமிழர்கள் முனகிக்கொண்டே கொடுப்பார்கள், கொடுக்காமல் இருந்ததில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுக்கும்படி எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். தோற்றாலும் வருத்தமில்லை, ஆனால் உறைகளைத் திரட்டும் குழுவில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

என் தந்தையின் பதினோரு படங்களும் இப்போது விடுதி அறையில் என் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கின்றன. சொன்னபடி நடப்பதானால் பத்தை நானே ஒட்டித் தருகிறேன். முதலில் எடுத்த படத்தை மட்டும் தருவதாக இல்லை. அன்று கழுத்துக் கயிற்றைக் கழற்ற மறந்து நின்றுவிட்டார். படம் எடுத்தவர் கோபித்துக்கொண்டு மறுபடி ஒன்று எடுத்தார். கெட்டுப்போன அந்தப் படத்தில், இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, எங்கள் பாட்டி கட்டிவிட்ட தாயத்து வெள்ளை வெளேரென்று தெரிகிறது.